மகிழடியில் மனம்விட்டுப் பேச

மனக்குறையைச் சாமியிடம் சொல்ல எந்தக் கோயிலுக்கும் போகலாம். நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து, பட்டதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டுமென்றால் சென்னையில் திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயில்தான் பொருத்தம். தேவாரம் பாடிய சுந்தரர் கண்ணிழந்து முறையிட்ட ஊர் இது. அதுவும், தப்பு தன் பக்கம் இருக்கும்போது.

இந்த ஊரில் மணந்த சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று சன்னிதியில் சத்தியம் செய்ய ஒப்புக்கொண்டவர், அந்த நேரம் மட்டும் சன்னிதியை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விடுங்கள் என்று இறைவனிடமே பேசிவைத்தார். இறைவன் சங்கிலியார் கனவில் வந்து விஷயத்தை உடைத்துவிட்டார். சத்தியம் மகிழடியில் நடந்தது. பிறகு திருவாரூர் நினைவு வந்து ஊர் எல்லையைத் தாண்ட, இரண்டு கண்ணும் போயிற்று. அப்போது பாடிய 'அழுக்கு மெய்கொடு' பதிகத்தில் மழுப்பலே கிடையாது. மூன்று கண் உடையவனே, என் கண்ணைப் பறிப்பதுதான் நியாயமென்றால் ஊன்றுகோலாவது கொடு என்கிறார். கோல் திருவெண்பாக்கத்தில் கிடைத்தது; இடக்கண் காஞ்சியில், வலக்கண் திருவாரூரில். துக்கத்தோடு வருபவர்களுக்கு முதல் நாள் கோல் கிடைத்தாலே பெரிது.

பௌர்ணமி வேண்டாம். காலை மேலூர் திருவுடையம்மன், உச்சிவேளையில் இந்தக் கோயில் வடிவுடையம்மன், மாலை வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று மூன்றையும் ஒரே நாளில் முடிக்க ஓடுகிற கூட்டம் அன்று. வெள்ளியும் பிரதோஷமும் அப்படியே. கார்த்திகைப் பௌர்ணமியையொட்டி இங்கே மூலவரான ஆதிபுரீஸ்வரர் கவசம் களையும் 3 நாள்களில் நிற்கவே இடமிருக்காது. (வருஷம் முழுக்க மூடியிருப்பவர் மூன்றே நாள் திறக்கிறார், மனிதர்களைக் குறை சொல்லி என்ன!) சாதாரண புதன்கிழமை மாலை நல்லது. மெட்ரோவில் திருவொற்றியூர் தேரடியில் இறங்கினால் நடந்தே போய்விடலாம்.

முதலில் தரிசனம். பிறகு வெளிப்பிராகாரத்தில் வலம் வருபவர்களுக்கு இடைஞ்சல் இல்லாத ஓரமாக உட்காருங்கள். 4 பேர், மிஞ்சினால் 6. அதற்கு மேல் போனால் பேச்சு பிரசங்கமாகிவிடும். பதிகத்தில் இரண்டு பாட்டுப் பாடிவிட்டு, ஆளுக்கு 10 நிமிடம். ஒருவர் நேரம் பார்க்கட்டும். மற்ற போன்கள் பைக்குள்ளே.

"மூணு வருஷமா ஒரே கஷ்டம்" என்று ஆரம்பித்தால் பேச்சு நகராது. ஒரு நாளைப் பிடிக்க வேண்டும். ஆஸ்பத்திரி பில்லை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எந்தப் படிக்கட்டில் உட்கார்ந்தீர்கள், முதலில் யாருக்குப் போன் செய்தீர்கள் என்று ஆரம்பித்தால் மீதி தானாக வரும்.

கெடுப்பவர்கள் இரண்டு பேர். "இதெல்லாம் ஒரு கஷ்டமா, எங்க வீட்டுல..." என்று தொடங்குபவர் ஒருவர், உடனே பரிகாரம் சொல்பவர் இன்னொருவர். இரண்டாமவர்தான் ஆபத்து, நல்ல எண்ணத்தோடு வாயை அடைப்பார். அழுதால் தண்ணீர் கொடுங்கள், "அழாதே" வேண்டாம். சொல்லி முடித்ததும் ஒரே கேள்வி போதும்: "அப்புறம் எப்படிச் சமாளிச்சீங்க?" அதுவரை நடந்ததையே சொல்லிக்கொண்டிருந்தவர், அப்போதுதான் தான் செய்ததை எண்ண ஆரம்பிப்பார்: வளையலை அடகு வைத்தது, பிள்ளையை அண்ணி வீட்டில் விட்டது, மறுநாளும் எழுந்து வேலைக்குப் போனது.

கேட்டது மதிலைத் தாண்டக் கூடாது. மகிழடியிலேயே சத்தியம் வாங்கிக்கொள்ளுங்கள். மீறினால் என்னவாகும் என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

உயிரை விட்டுவிடலாம் போலிருக்கிறது என்று யாராவது சொன்னால் மட்டும் கேட்டுவிட்டுக் கலையக் கூடாது. 104 சுகாதார உதவி எண்ணையோ, டெலி மனாஸ் மனநல உதவி எண் 14416-ஐயோ நீங்களே அழைத்துப் போனை அவர் கையில் கொடுங்கள். அன்றிரவு தனியே விடாதீர்கள்.

அடுத்த முறை சீக்கிரம் வந்தால் கடலோரம் துறவி பட்டினத்தார் சமாதிக்கும் போய்வாருங்கள். கசக்கும் பேய்க்கரும்பு இனித்த இடம் என்று அவர் நடையை நிறுத்திக்கொண்ட ஊர் இது. அங்கே யாரும் எதையும் சொல்ல வேண்டாம், சும்மா உட்கார்ந்துவிட்டு வரலாம்.