பி.எட் பயாலஜி பெடகாஜி: ஒரே வேலம்பாசிய வச்சு எல்லா மெத்தடும்

ரிசல்ட் வந்துடுச்சு, பயாலஜி பெடகாஜி (பயாலஜிய எப்படிக் கத்துக்கொடுக்குறதுங்கற பேப்பர்) தாண்டியாச்சு, மார்க்கும் நான் நினைச்சத விட மேல. ஆளாளுக்கு எப்படிப் படிச்சேன்னு கேக்குறாங்க, அதான் மொத்தமா எழுதிடுறேன். யூனிட் வாரியாலாம் சொல்ல மாட்டேன், சிலபஸ் உங்ககிட்டயே இருக்கு.

எனக்கு வேலை செஞ்சது ஒண்ணே ஒண்ணுதான், எல்லா கற்பித்தல் முறைக்கும் ஒரே பாடம். காலேஜ் நோட்ஸ்ல ஒவ்வொரு முறைக்கும் நிறை பத்து குறை பத்துன்னு அடுக்கி வச்சிருப்பாங்க, படிச்சா எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், ஹால்ல உக்காந்து எழுதும்போது ஹியூரிஸ்டிக்கோட நிறை போய் ப்ராஜெக்ட்ல ஒட்டிக்கும். எனக்கு மனப்பாடம்னாலே ஆகாது. அதனால ஒளிச்சேர்க்கைய எடுத்தேன், அதுலயும் ஹைட்ரில்லா சோதனை மட்டும். நம்ம வாய்க்கால்ல எறங்குனா கால சுத்திக்குமே வேலம்பாசி, அதேதான்.

- செய்து காட்டல்: பீக்கர், புனல், டெஸ்ட் ட்யூப் எல்லாம் டீச்சர் கையில. குமிழ் வரும், சேர்ந்த வாயுவுல தணல் குச்சிய காட்டுனா பத்திக்கும். புள்ளைங்க பாக்கும், கேட்டா பதில் சொல்லும்.
- ஹியூரிஸ்டிக் (புள்ளைங்களே கண்டுபிடிச்சுக் கத்துக்கிறது), கொண்டு வந்தவர் ஆர்ம்ஸ்ட்ராங்: அதே செட்டப் புள்ளைங்க கையில. நிழல்ல வச்சா குமிழ் ஏன் குறையுது, ஆப்பசோடா ஒரு சிட்டிகை போட்டா ஏன் கூடுது, கொதிக்க வச்சு ஆறவச்ச தண்ணில ஏன் வரமாட்டேங்குது? பதில நாம சொல்லக்கூடாது, அதுதான் கஷ்டமே. குறைய தனியா படிக்கவே வேணாம், நாப்பது அம்பது பேர வச்சுக்கிட்டு ஒரு பீரியட்ல இத முடிக்க முடியுமான்னு யோசிச்சாலே எழுத வந்துடும்.
- ப்ராஜெக்ட் (செயல்திட்ட முறை), இத பத்தி கில்பாட்ரிக் எழுதுனது 1918: ஊர் வாய்க்கால்ல என்னென்ன நீர்த்தாவரம் இருக்கு, ஆகாயத்தாமரை மூடுன எடத்துல வெளிச்சம் இல்லாம வேலம்பாசி என்ன ஆகுது. சூழல் உருவாக்கல்லேர்ந்து பதிவு செய்றது வரைக்கும் ஆறு படியும் இதுலயே எழுதிட்டேன்.

மைக்ரோ டீச்சிங் (சின்ன குழுவுக்கு கொஞ்ச நேரம் பாடம் எடுத்து ஒவ்வொரு திறனா பழகுறது) கேள்வில வந்தா விடாதீங்க. கற்பித்தல் 6, பின்னூட்டம் 6, மறுதிட்டம் 12, மறுகற்பித்தல் 6, மறுபடி பின்னூட்டம் 6, மொத்தம் 36 நிமிஷம், வட்டமா படம் போட்டுடுங்க. இத உருவாக்குன ஆலன், அவர் இருந்த ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம், ரெண்டு பேரும் எழுதிடுங்க.

தெர்மாகோல்ல செல் மாடல் செஞ்சு ராத்திரி முழுக்க கலர் அடிக்கிறவங்கள நான் குறை சொல்லல, ஆனா எனக்கு அந்தப் பொறுமை கெடையாது, அது படிப்புக்கு உதவும்னு நம்பிக்கையும் இல்ல.

டெமோ கிளாஸ் இன்னும் பாக்கி இருக்கிறவங்களுக்கு: நம்ம வாய்க்காலுக்குத் தண்ணி விடுற மேட்டூர் அணைய வழக்கமா ஜனவரி 28 மூடிடுவாங்க, அதுக்கப்புறம் வாய்க்கால் காஞ்சுதான் கெடக்கும், ஏதாவது குளத்துலதான் தேடணும். பறிச்ச அன்னிக்கே தண்ணியோட வாளில எடுத்துட்டுப் போய் வெயில்ல வச்சுடுங்க, வாடுன தழைய வச்சுக்கிட்டு குமிழுக்காக நின்னா அப்சர்வர் முன்னாடி மானம் போயிடும்.