எங்க 1210 லாரியில 1613 இன்ஜின் ஏத்துன அனுபவம்

எங்கப்பா வச்சிருந்தது டாடா 1210 லாரிங்க, 692 இன்ஜின். சங்ககிரியில சிமெண்ட் ஏத்தி, பண்ணாரி வழியா திம்பம் மலை ஏறி சாம்ராஜ்நகர்ல எறக்கிட்டு, திரும்பி வரும்போது மக்காச்சோளம் ஏத்திக்கிட்டு நாமக்கல் தீவன மில்லுக்கு வரும், வருசம் பூரா இதான் ஓட்டம். திம்பத்துல 27 கொண்டை ஊசி வளைவு இருக்கு, லோடோட போனா பாதி வளைவு ஃபர்ஸ்ட் கியர்தான், டெம்பரேச்சர் முள்ளு ஏறிக்கிட்டே இருக்கும், வண்டி நின்னா டயருக்குப் போடணும்னு க்ளீனர் பையன் கட்டைய தூக்கிக்கிட்டு பின்னாடியே நடந்து வருவான். மழைக்காலத்துல அவன் அப்படி நடக்கறதப் பாக்கவே எனக்கு கஷ்டமா இருக்கும்.

1995 வாக்குல இன்ஜின் பேக் கம்ப்ரஷன் ஆயிருச்சு, அதாவது சிலிண்டர்ல அழுத்தம் நிக்காம கீழ கசிய ஆரம்பிச்சிருச்சு. பட்டறையில பிரிச்சுப் பாத்தா லைனர் (சிலிண்டருக்குள்ள இருக்கற குழாய்) தேஞ்சு போயிருக்கு, கிராங்க் ஷாஃப்டும் ஏற்கனவே கடைசி அண்டர்சைஸ் வரைக்கும், அதாவது தேய்க்க முடிஞ்ச அளவுக்கு, கிரைண்ட் பண்ணியாச்சு, இனி புது கிராங்குதான் வாங்கணும். அப்பதான் மெக்கானிக் அண்ணன் சொன்னாரு, இதுக்கு செலவு பண்றதுக்கு டாடா 1613 லாரியில வர்ற 697 இன்ஜினயே ஏத்திரலாம்னு.

நெறைய பேருக்கு இந்த நம்பரோட அர்த்தம் தெரியாது. 692-ன்னா 6 சிலிண்டர், போர் (சிலிண்டரோட உள் விட்டம்) 92 மில்லிமீட்டர். 697-ன்னா அதே 6 சிலிண்டர், போர் 97 மில்லி. ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் மேல கீழ போற தூரம்) 120-ல இருந்து 128 ஆகுது, அதனால 4788 சிசி-ல இருந்து 5675 சிசி-க்கு வந்துரும். வண்டி பேருலயும் கணக்கு இருக்கு, 1210-ன்னா மொத்த எடை 12 டன், சுமாரா 100 குதிரை சக்தி, 1613-ன்னா 16 டன், 130 குதிரை. இதுல ஒண்ண நல்லா மனசுல வச்சுக்கணும், மாறுறது குதிரை மட்டுந்தான், டன் மாறாது. ஆக்சில், பட்டை (ஸ்பிரிங்), பிரேக்கு எல்லாம் அதே 12 டன்னு வண்டியோடதுதான், இழுக்குதேன்னு லோடு கூட போட்டா எறக்கத்துல நிக்காது. அப்பா கடைசி வரைக்கும் ஒரு மூட்டை கூட சேத்துப் போட விடல.

அடிபட்ட 1613 ஒண்ணுல இருந்து இன்ஜின் கெடச்சுது. "தம்பி, இன்ஜின மட்டும் வாங்காத, கிளட்ச், கியர் பாக்ஸு, ரேடியேட்டரு எல்லாத்தையும் சேத்து வாங்கு"ன்னு மெக்கானிக் அண்ணன் படிச்சுப் படிச்சு சொன்னாரு. நான் காசு மிச்சம் பண்றேன்னு ரேடியேட்டர மட்டும் விட்டுட்டேன், அந்த தப்பு முழுக்க என்னோடது. செயின் பிளாக்ல தொங்கவிட்டு எறக்குனா மவுண்டிங் ஓட்டை உக்காரல, பிராக்கெட் வெட்டி மறுபடி வெல்டு வச்சோம், ஃபேன் வேற ரேடியேட்டர ஒட்டிக்கிட்டு நின்னுச்சு, ரேடியேட்டரயும் முன்னாடி தள்ளி வச்சோம். கியர் பாக்ஸ் மாறுனதால ஜாயிண்ட் (கியர் பாக்ஸுல இருந்து பின் ஆக்சிலுக்குப் போற ஷாஃப்ட்) நீளம் ஒத்து வரல, லேத்துல குடுத்து வெட்டி, பேலன்ஸ் பாத்து மாட்டுனோம். இந்த பேலன்ஸ யாரும் விட்றாதீங்க, விட்டா சென்டர் பேரிங் தாங்காது, வண்டி பூரா அதிரும். மைக்கோ பம்ப (இன்ஜினுக்கு டீசல் அடிக்கற பம்ப்) பம்ப் கடையில குடுத்து டெஸ்ட் பெஞ்சுல வச்சு செட் பண்ணி வாங்குனோம், அதுக்கப்புறம்தான் கரும்புகை நின்னுச்சு. மொத்தம் 11 நாள் ஆச்சு.

மொத ட்ரிப்பு திம்பத்துல செகண்ட் கியர்லயே ஏறுது, எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், ஆனா பாதி மலைக்கு மேல தண்ணி கொதிக்க ஆரம்பிச்சிருச்சு. பழைய ரேடியேட்டர் இந்த இன்ஜின் சூட்டுக்குப் பத்தல. ஓரங்கட்டி ஒரு மணி நேரம் ஆறவிட்டு, ஊருக்கு வந்ததும் 1613 ரேடியேட்டரயே தேடிப்பிடிச்சு வாங்கி மாட்டுனேன், மொதல்லயே வாங்கியிருந்தா கொறஞ்ச வெலைக்கு முடிஞ்சிருக்கும். அதுக்கப்புறம் கொதிச்சதே இல்ல, க்ளீனர் பையனும் கட்டைய சீட்டுக்கு அடியில போட்டுட்டு உள்ளயே உக்காந்து வந்தான்.

பேப்பர் வேலைய கடைசியில பாத்துக்கலாம்னு மட்டும் விட்டுராதீங்க. இன்ஜின் மாத்துனா 14 நாளுக்குள்ள ஆர்டிஓ ஆபீஸ்ல சொல்லி ஆர்சியில ஏத்திக்கணும்னு 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுலயே இருக்கு, முன்னாடியே எழுதிக் குடுத்து அனுமதி கெடச்சாத்தான் மாத்தணும். நாங்க இன்ஜின் வாங்குன பில்லு, அந்த 1613-ஓட ஆர்சி நகல் ரெண்டையும் வாங்கி வச்சிருந்ததால பிரேக் இன்ஸ்பெக்டர் (ஆர்டிஓ ஆபீஸ் மோட்டார் வாகன ஆய்வாளர்) வண்டியப் பாத்துட்டு எழுதிக் குடுத்துட்டாரு. இன்சூரன்சுலயும் நம்பர மாத்திக்கிட்டோம்.

பல வருசம் ஓட்டிட்டு வண்டிய விக்கும்போது, வாங்க வந்தவரு சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் ரெண்டு மேலயும் பேப்பர வச்சு பென்சில்ல தேச்சு எடுத்து ஆர்சி புக்கோட ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாத்தாரு. எல்லாம் சரியா இருந்துச்சு, அன்னிக்கே அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாரு.