பழைய யுயுஐடி வைத்த ஆப்பு

லினக்ஸ் செய்முறைத் தேர்வில் புது பார்ட்டிஷன் (வட்டின் ஒரு பகுதி) போட்டு மவுன்ட் செய்யச் சொல்லும், அதாவது ஒரு ஃபோல்டரில் இணைத்துப் பயன்படுத்தச் சொல்லும் கேள்வி நிச்சயம் வரும் என்று தெரிந்தேதான் போனேன். கட்டளைகள் எல்லாம் கைக்கு வந்திருந்தன. ஆனாலும் கோட்டை விட்டேன்.

பார்ட்டிஷன் போடுவது சுலபம். வட்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையைக் கொடுத்து எந்த வட்டு காலி என்று முதலில் பாருங்கள். பார்ட்டிஷன் போடும் எஃப்டிஸ்க்கில் 'என்' (n) எழுத்தை அழுத்தி, கேட்பதற்கெல்லாம் என்டர் தட்டி, கடைசி செக்டார் கேட்கும் இடத்தில் மட்டும் +500எம் கொடுங்கள். டபிள்யூ போட்டால்தான் வட்டில் எழுதும். பதற்றத்தில் க்யூ அடித்தால் செய்ததெல்லாம் போச்சு.

நான் சறுக்கியது அதற்கு அப்புறம். அதில் இஎக்ஸ்டி4 என்ற ஃபைல் சிஸ்டத்தைப் போட்டு, பிஎல்கேஐடி கட்டளை காட்டிய யுயுஐடியை (அந்த ஃபைல் சிஸ்டத்தின் தனி அடையாள எண்) எஃப்எஸ்டேபில், அதாவது எதையெல்லாம் மவுன்ட் செய்ய வேண்டும் என்று பட்டியலிடும் ஃபைலில் ஒட்டி, அந்தப் பட்டியலை மவுன்ட் செய்யும் மவுன்ட் -ஏ கொடுத்தேன். பிழை எதுவும் வரவில்லை. கேள்வியை மறுபடி படித்தால் எக்ஸ்எஃப்எஸ் என்ற வேறு வகை ஃபைல் சிஸ்டம் என்று இருக்கிறது! அன்மவுன்ட் செய்து, ஃபைல் சிஸ்டத்தை உருவாக்கும் எம்கேஎஃப்எஸ்ஸை, பழையதன் மேலேயே எழுதச் சொல்லும் -எஃப் சேர்த்து ஓட்டி, எஃப்எஸ்டேபில் வகையை மட்டும் மாற்றினேன். சாதனப் பெயரைக் கொடுத்துக் கையாலேயே மவுன்ட் செய்தேன். மவுன்ட் ஆனவற்றைக் காட்டும் டிஎஃப்பில் அழகாகத் தெரிந்தது.

ரீபூட் செய்தபோது திரை ஒன்றரை நிமிடம் அப்படியே நின்றது. பிறகு எமர்ஜென்சி மோட், அதாவது பழுது பார்க்க மட்டுமான நிலை. ஃபைல் சிஸ்டத்தை உருவாக்கும் ஒவ்வொரு முறையும் யுயுஐடி புதிதாகிவிடும். எஃப்எஸ்டேபில் இருந்ததோ பழையது. இல்லாத ஒன்றுக்காக, இயந்திரத்தைத் துவக்கும் சிஸ்டம்டி 90 நொடி காத்திருந்து கைவிட்டிருக்கிறது. அது புரியாமல் பார்ட்டிஷனையே சந்தேகப்பட்டு, மீதி நேரத்தையும் தொலைத்தேன்.

அதனால் எஃப்எஸ்டேபைத் தொட்டால், மவுன்ட் ஆகியிருப்பதை அன்மவுன்ட் செய்துவிட்டு மவுன்ட் -ஏ கொடுங்கள். ஏற்கெனவே மவுன்ட் ஆனதை அது மறுபடி தொடாது, அதனால் அந்த வரியில் உள்ள சில தவறுகள் வெளியே தெரியாமலே போகும். எஃப்எஸ்டேபைச் சரிபார்க்கும் ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை என்பதும் ஒரு முறை ஓடட்டும். எஃப்எஸ்டேப் வரியின் கடைசி எண்ணில் (துவக்கத்தில் சோதிக்கும் வரிசை) எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு 0 போதும், அதைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

மீறி எமர்ஜென்சி மோடில் விழுந்தால் ரூட் (நிர்வாகி) கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே போங்கள். எஃப்எஸ்டேபைச் சேமிக்க விடாவிட்டால் ரூட் ஃபைல் சிஸ்டத்தை ஆர்டபிள்யூவாக (படிக்கவும் எழுதவும் முடிகிற மாதிரி) ரீமவுன்ட் செய்யுங்கள். தப்பான வரியின் முன்னால் ஒரு # போட்டு ரீபூட் செய்தால் இயந்திரம் எழுந்துவிடும். சரியான யுயுஐடியை அப்புறம் நிதானமாக எழுதிக்கொள்ளலாம்.