பரணிலிருந்து இறங்கும் விமானம்

பல வருஷம் கழித்து ரேடியோவால் ஓட்டும் மாடல் விமானத்துக்குத் திரும்புகிறவர்களுக்கு, விரல்கள் மறந்திருக்குமோ என்றுதான் முதல் பயம். விரல்களுக்குப் பழக்கம் சீக்கிரமே திரும்பிவிடும். நம்பக் கூடாதது பரணில் கிடந்த விமானத்தைத்தான்.

ஈரமும் பூச்சியும் படாத பால்சா என்ற லேசான மரக்கட்டை அப்படியே இருக்கும். விட்டுப்போவது ஒட்டுகள். இறக்கையின் நடு இணைப்பை இரு கையாலும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். 'டிக்' என்று சத்தம் வந்தால் அங்கே பிரித்து மறுபடி ஒட்ட வேண்டும். இறக்கையிலும் வாலிலும் அசையும் பலகைகளின் ஒவ்வொரு கீலையும் இழுத்துப் பாருங்கள். எரிபொருள் எஞ்சின் ஓடிய விமானம் என்றால் எஞ்சினைத் தாங்கும் முன்பலகையில் எண்ணெய் ஊறியிருக்கும், எண்ணெய் மேல் எபாக்ஸி பசை பிடிக்காது. அந்தப் பலகையை வெட்டி எடுத்துப் புதிது வைப்பதே நல்லது. இறக்கையைக் கட்டும் ரப்பர் பேண்டுகளை யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

விமானத்தை ஓட்டிய, கிரிஸ்டல் மாற்றி அலைவரிசை அமைக்கும் பழைய ரேடியோ செட்டும் போகட்டும். புதிய 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டில் அலைவரிசை மோதல் என்ற பழைய தலைவலி அநேகமாக இல்லை. நிக்கல் காட்மியம் பேட்டரிகளைக் குப்பையில் போடாமல் மறுசுழற்சிக்குக் கொடுங்கள், காட்மியம் விஷம்.

எலக்ட்ரிக் மோட்டாரை ஓட்டும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிக்கு மரியாதை தேவை. செல்லுக்கு 4.2 வோல்ட் முழு சார்ஜ், எடுத்து வைக்கும்போது 3.8. 2200 எம்ஏஹெச் பேட்டரியை 2.2 ஆம்பியரில், எல்லா செல்லையும் சமமாக ஏற்றும் பேலன்ஸ் சார்ஜரில், பக்கத்திலேயே இருந்து ஏற்றுங்கள். பேட்டரி வீங்கிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது.

இனி சி.ஜி., அதாவது எடை மையம். முதல் பறப்பிலேயே விழும் விமானங்களில் பலவற்றை வீழ்த்துவது இதுதான். முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை சீராக 20 செ.மீ. அகலமுள்ள இறக்கை என்றால் முன்விளிம்பிலிருந்து 5 முதல் 6 செ.மீ.க்குள் எடை மையம் இருக்க வேண்டும். பேட்டரியை உள்ளே வைத்துவிட்டு, அந்த இடத்தில் இறக்கைக்கு அடியில் இரண்டு விரல்நுனி கொடுத்துத் தூக்குங்கள். மூக்கு இம்மியளவு தாழ்ந்தால் சரி. மூக்கு கனத்த விமானம் மந்தமாகவாவது பறக்கும். வால் கனத்தது தானாகவே மூக்கைத் தூக்கி, வேகம் செத்து, ஒரு பக்கமாகச் சரிந்து விழும். எவ்வளவு தேர்ந்த கைக்கும் அதைக் காப்பாற்றுவது கஷ்டம். எலக்ட்ரிக் மோட்டார் பழைய எஞ்சினைவிட லேசானது என்பதால், மாற்றிப் பொருத்திய விமானங்கள் பெரும்பாலும் வால் கனத்தே நிற்கும். ஈயம் சேர்க்கும் முன் பேட்டரியை முன்னால் தள்ளிப் பாருங்கள்.

ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, விமானத்தின் பின்னால் நின்று பாருங்கள். ட்ரான்ஸ்மிட்டர் குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது ஐலரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) மேலே வர வேண்டும். கீழே போனால், காற்றில் நீங்கள் திருத்தத் திருத்த அது இன்னும் புரளும். பலகையை அசைக்கும் சின்ன மோட்டாரான சர்வோ நகர்கிறது என்பதைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள், எந்தத் திசையில் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். ட்ரான்ஸ்மிட்டரை அணைத்தால் மோட்டார் நிற்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிட வேண்டும்.

முதல் பறப்புக்கு டைமரை 5 நிமிஷத்துக்கு வையுங்கள். இறங்கியதும் செல் 3.7 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால் அடுத்த முறை 4 நிமிஷம். மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். விரல் வைத்திருக்க முடியாத சூடு இருந்தால் ப்ரொப்பெல்லர் பெரிது, ஒரு அங்குலம் சின்னதாகப் போடுங்கள்.