அட்டைக்கு அடுத்த பக்கம்

குரூப் புராஜெக்ட் ரிப்போர்ட்டில் அட்டையைத் திருப்பியதும் ஓர் உறுதிமொழிப் பக்கம் வரும். "இது எங்கள் சொந்த உழைப்பு" என்று இரண்டு மூன்று வரி, கீழே நான்கு கையெழுத்து. பைண்டிங்குக்குக் கொடுக்கிற அவசரத்தில் யாரும் அதைப் படித்துப் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால் மொத்த ரிப்போர்ட்டிலும் கனமான பக்கம் அதுதான். கையெழுத்துப் போடுகிறவர், தான் எழுதாத அத்தியாயத்துக்கும், தான் எடுக்காத அளவீட்டுக்கும், தான் பார்க்காத கேள்வித்தாளுக்கும் சேர்த்தே பொறுப்பேற்கிறார். நாளை அதில் ஒரு பத்தி காப்பி என்று தெரிந்தால், "அது அவன் எழுதினது சார்" என்பது பதிலாகாது.

அந்தக் கையெழுத்தைக் கூச்சமில்லாமல் போட வேண்டுமானால் அதற்கான வேலை முதல் வாரத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும். யார் என்ன செய்தார்கள் என்பது செய்யும்போதே எல்லோருக்கும் தெரிய வேண்டும். குழு நேர்மையில் முக்கால்வாசி இதில் அடங்கிவிடுகிறது.

ஊர் கூடித் தேர் இழுப்பது என்கிறோம். கூடி இழுக்கும்போது ஒவ்வொருவரும் எவ்வளவு இழுக்கிறார்கள் என்று அளந்தே பார்த்தவர் மாக்ஸிமிலியான் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர். 1913-ல் வெளியான அவருடைய அளவீடுகளின்படி, எட்டுப் பேர் சேர்ந்து கயிற்றை இழுத்தபோது ஆளுக்குக் கிடைத்த விசை, தனியாக இழுத்ததில் பாதி அளவுதான். ஒரே நேரத்தில் சேர்ந்து இழுக்க முடியாமல் போவது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை 1979-ல் பிப் லட்டானே, கிப்ளிங் வில்லியம்ஸ், ஸ்டீஃபன் ஹார்க்கின்ஸ் என்ற உளவியலாளர்கள் மூவரும் ஆட்களைக் கைதட்டவும் கத்தவும் வைத்துக் காட்டினார்கள்: கூட்டத்தில் இருக்கிறோம் என்று நினைத்தாலே மனிதர்கள் கொஞ்சம் தளர்ந்துவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது 1981-ல் அதே மூவர் செய்த அடுத்த ஆய்வு. கூட்டத்துக்குள் இருந்தாலும் தன் பங்கு தனியாகத் தெரியும் என்று தெரிந்தவர்கள் தளரவில்லை.

ஆகவே ஒருவர் வேலை செய்யாததை உடனே குணக்கேடு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவருடைய பங்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். "நீ லிட்டரேச்சர் பாத்துக்கோ" என்பது வேலைப் பங்கீடு ஆகாது. "இந்தத் தலைப்பில் பத்துக் கட்டுரை, ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி, என்ன முறை, எத்தனை மாதிரி, என்ன முடிவு, புதன் இரவுக்குள் பொது ஃபோல்டரில்" என்பதுதான் பங்கீடு. ஒரு வேலை ஒரு வாரத்துக்குள் முடியும் அளவில் இருக்க வேண்டும். முடிந்தபின் திறந்து பார்க்க ஒரு கோப்போ பொருளோ இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத வேலையில் யார் தளர்ந்தாலும் கடைசி வாரம்வரை வெளியே தெரியாது.

முதல் சந்திப்பில் ஒரே ஒரு பக்கம் எழுதி நான்கு பேரும் ஒப்புக்கொண்டால் போதும். வேலைகளும் தேதிகளும், செய்திக்கு எத்தனை மணி நேரத்துக்குள் பதில் (24 மணி நேரம் நியாயமானது), கோப்புகள் எங்கே இருக்கும், ஏஐ கருவியை எதற்குப் பயன்படுத்தலாம் எதற்குக் கூடாது, தேதி தவறினால் அடுத்து என்ன. இவற்றோடு யாரும் கேட்காத ஒரு கேள்வியையும் கேட்டுவிட வேண்டும்: இந்த புராஜெக்டில் உனக்கு என்ன மார்க் வேண்டும்? ஒருவருக்கு முதல் மார்க் வேண்டும். இன்னொருவர் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர், அவருக்குப் பாஸானால் போதும். இரண்டிலும் தவறில்லை. முதல் வாரத்தில் தெரிந்தால் அதற்கேற்ப வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். பத்தாவது வாரத்தில் தெரியவந்தால் அது துரோகம் மாதிரித்தான் தோன்றும்.

நான்கு பேர் குழுவில் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டிய தொடர்புகள் ஆறு. ஆறு பேரானால் பதினைந்து. ஆள் கூடினால் வேலை குறையும் என்று நம்பிப் பெரிய குழு கேட்பவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்தது வேலைப் பதிவேடு. ஒரு பொது ஸ்ப்ரெட்ஷீட், ஐந்து நெடுவரிசை: தேதி, பெயர், செய்தது, கோப்பின் பெயர், நேரம். ஒரு வரி இப்படி இருக்கும்: "மார்ச் 4 – பெயர் – வெப்ப சென்சார் 30 அளவீடு, 7-வதும் 19-வதும் ஒயர் கழன்றதால் மீண்டும் எடுத்தது – அளவீடு_2 – 3 மணி". எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த 7-வது, 19-வது பற்றிய குறிப்பு இரண்டு மாதம் கழித்து வைவாவில் கேள்வி வரும்போது குழுவையே காப்பாற்றும்.

யார் எப்போது என்ன மாற்றினார் என்று காட்டும் கூகுள் டாக்ஸின் வெர்ஷன் ஹிஸ்டரி இருக்கிறதே, நிரலுக்கு (கோட்) அதையே செய்யும் கிட்ஹப் இருக்கிறதே, தனிப் பதிவேடு எதற்கு என்று கேட்கலாம். அவை உதவும், ஆனால் முழுக் கதையைச் சொல்லாது. வாட்ஸப்பில் ஒருவர் அனுப்பிய பத்தியை இன்னொருவர் டாக்ஸில் ஒட்டினால் ஹிஸ்டரியில் ஒட்டியவர் பெயர்தான் நிற்கும். இரண்டு நாள் தேடி ஒரே வரியில் பிழை திருத்தியவருக்கு கிட்ஹப்பில் ஒரு கமிட்தான், அதாவது பதிவான ஒரே ஒரு மாற்றம். வேறு யாரோ எழுதிய ரெடிமேட் நிரல் தொகுப்பை அப்படியே ஏற்றியவர் பேரில் ஆயிரக்கணக்கான வரிகள் ஏறிவிடும். இருவர் ஒரே கணினியில் உட்கார்ந்து எழுதியிருந்தால், கமிட் செய்தியின் கடைசியில் "கோ-ஆதர்ட்-பை" என்று மற்றவர் பெயரையும் மின்னஞ்சலையும் சேர்க்க வழி இருக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை. அதனால் கீபோர்டு யார் கையில் இருந்ததோ அவருக்கே எல்லாப் பேரும் போய்விடுகிறது.

நினைவை நம்பிப் பங்கைக் கணக்கிட முடியாது. மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற உளவியலாளர்கள் இருவரும் 1979-ல் வெளியிட்ட ஆய்வில், கூட்டு வேலையில் அவரவர் பங்கை அவரவர் கூட்டியே மதிப்பிடுவது தெரிந்தது. தான் பட்ட பாடு தனக்கு எளிதாக நினைவுக்கு வருகிறது; அடுத்தவர் பட்டது வருவதில்லை. நான்கு பேரையும் தனித்தனிச் சீட்டில் தன் பங்கு எத்தனை சதவீதம் என்று எழுதச் சொல்லிக் கூட்டிப் பாருங்கள், பெரும்பாலும் நூறைத் தாண்டும். யாரும் பொய் எழுதியிருக்க மாட்டார்கள். "நான்தான் எல்லாம் செஞ்சேன்" என்ற சண்டையில் நால்வரும் மனதறிந்து உண்மையே பேசுவது இதனால்தான்.

இனி, வேலை செய்யாதவர். முதல் தேதி தவறிய அன்றே, தனியாக, ஒருவர் மட்டும் கேட்க வேண்டும். குழுவில் எல்லோர் முன்னிலையிலும் கேட்டால் பதிலுக்குப் பதில் சாக்குத்தான் வரும். கேட்க வேண்டியது, எங்கே நின்றுவிட்டது என்பது. தெரியாமல் நிற்கிறாரா, நேரமில்லாமலா, செய்ததை யாரோ மாற்றிவிட்ட கோபத்திலா, மனமே இல்லையா. முதல் மூன்றுக்கும் மருந்து உண்டு: சின்ன வேலை, மூன்று நாள் கெடு, பக்கத்தில் ஒருவர். இரண்டாம் முறையும் தவறினால் எழுத்தில் போட வேண்டும். மூன்றாவது முறை கைடிடம் போக வேண்டும், அதுவும் பாதிக் காலம் முடிவதற்குள், பதிவேட்டோடு. சப்மிஷனுக்கு முந்தைய வாரம் போனால் கைடால் எதையும் மாற்ற முடியாது. அப்போது அந்தப் புகாரால் கெடப்போவது உறவு மட்டும்தான்.

இதன் மறுபக்கத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. குழுவில் கெட்டிக்காரர் ஒருவர் இருப்பார். மற்றவர் எழுதியது பிடிக்காமல் ராத்திரியோடு ராத்திரியாக முழுவதையும் மாற்றி எழுதிவிடுவார், சொல்லவும் மாட்டார். எழுதியவர் காலையில் திறந்து பார்த்தால் தன் வரி ஒன்றுகூட இருக்காது. அடுத்த வாரம் அவர் எதற்கு எழுதப் போகிறார்? அவரையே பிறகு "ஒண்ணும் செய்யாதவன்" என்பார்கள். திருத்தம் தேவையென்றால் கமென்ட் போட்டு, காரணம் சொல்லி, எழுதியவரையே மாற்ற வைக்க வேண்டும். நேரம் கூடுதலாகப் பிடிக்கும்தான். ஆனால் குழுவாகச் செய்யச் சொன்னதே அதைக் கற்றுக்கொள்ளத்தானே. இந்தக் கெட்டிக்காரரின் தவறும் ஓசியில் மார்க் வாங்குபவரின் தவறும் ஒரே எடைதான் என்பது என் உறுதியான கருத்து.

பெயர் சேர்ப்பதிலும் நீக்குவதிலும் மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த நான்கு நிபந்தனைகள் நல்ல அளவுகோல். வேலையில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், மொத்தத்துக்கும் பதில் சொல்லும் பொறுப்பு. நான்கும் இருக்க வேண்டும். நண்பன் என்பதற்காக ஒரு பெயரைச் சேர்ப்பது பொய்ச் சாட்சி. சண்டை போட்டான் என்பதற்காக, வேலை செய்தவன் பெயரை எடுப்பது அதைவிட மோசம்.

குழு மொத்தமும் சேர்ந்து வழுக்கும் இடம் தரவு. நூறு பேரிடம் சர்வே எடுப்பதாக ரெவ்யூவில் சொல்லியாயிற்று, வந்தது 62. மூன்று நாள்தான் இருக்கிறது. "மிச்சத்தை நாமே போட்டுடலாம்" என்று ஒருவர் சொல்வார், யாரும் பதில் பேசமாட்டார்கள். அந்த மௌனம் சம்மதமாகிவிடும். போட்டுவிட்ட வரிசைகளைத் திறந்து பார்த்தால் தெரியும்: நேரக் குறியில் நாற்பது நொடிக்கு ஒரு பதில், எல்லாம் இரவு பதினொன்றுக்கு மேல். ஒன்று முதல் ஐந்துவரை எண் கேட்ட கேள்விகளில் ஒன்றும் ஐந்தும் அபூர்வம், மூன்றும் நான்குமாகவே ஓடும். ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்காது. கருத்து எழுதும் இடத்தில் நாலைந்து பேருக்கு ஒரே மாதிரி எழுத்துப்பிழை. உண்மையான மனிதர்கள் இவ்வளவு ஒழுங்காகப் பதில் சொல்வதே இல்லை.

இதனால் என்ன லாபம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 95 சதவீத நம்பிக்கை அளவில், சர்வேயில் கிடைக்கும் சதவீதத்தின் பிழை வரம்பு (உண்மை அதிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கலாம் என்பது) அதிகபட்சம் 0.98-ஐ மாதிரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வரும். நூறு பேருக்கு 9.8 சதவீதப் புள்ளி, 62 பேருக்கு 12.4. ஆக 38 பேரைப் புனைந்ததில் காகிதத்தில் கிடைத்தது 2.6 புள்ளி. தெரிந்தவர்களுக்கெல்லாம் லிங்க் அனுப்பி வாங்கிய பதிலானால் அது சமவாய்ப்பு மாதிரியே (எல்லோருக்கும் தேர்வாகச் சம வாய்ப்புள்ள மாதிரி) கிடையாது, அந்த 2.6-க்கும் அர்த்தமில்லை. 62 என்றே எழுதுங்கள். எத்தனை பேருக்கு அனுப்பினோம், ஏன் குறைந்தது என்று ஒரு பத்தி சேருங்கள். ஆண், பெண், வயது என்று மேலும் பிரித்துச் சதவீதம் போடுவதை விட்டுவிட்டு எண்ணிக்கையாகவே கொடுங்கள். தேர்வாளர் கேள்வி கேட்பார், பதில் உங்களிடம் இருக்கும்.

பதில் சொன்னவர்களின் பெயரும் ஃபோன் நம்பரும் உள்ள நெடுவரிசைகளைத் தனிக் கோப்பாக்கிப் பூட்டுங்கள். லிங்க் வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம் என்ற அமைப்பில் அந்த ஷீட் கிடப்பது ரொம்ப சாதாரணமாக நடக்கிறது.

அத்தியாயங்களை ஒட்டுவதற்குப் பன்னிரண்டு வாரத்தில் ஒரு முழு வாரத்தை ஒதுக்குங்கள். ஆளுக்கொன்றாக எழுதியது இணையும் இடத்தில்தான் உடையும். 1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்ற விண்கலம் செவ்வாயை நெருங்கும்போது அழிந்தது, ஒரு மென்பொருள் பவுண்டு-விசை-நொடி என்ற அலகில் தந்த எண்ணை இன்னொன்று நியூட்டன்-நொடி என்று எடுத்துக்கொண்டதால். அவ்வளவு பெரிய குழுவிலேயே இணைப்பில் ஓட்டை விழுந்தது. ஒவ்வொருவரும் தான் எழுதாத ஓர் அத்தியாயத்தை எடுத்து, மேற்கோள் ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க வேண்டும் (ஏஐ எழுதிக் கொடுத்தால் இல்லாத கட்டுரையும் பட்டியலில் வரும்), அட்டவணை எண்ணும் பத்தியில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும், அலகைப் பார்க்க வேண்டும். பிறகு எழுதியவரிடம் கடினமான ஒரு பத்தியைக் காட்டி, பார்க்காமல் விளக்கச் சொல்ல வேண்டும். சொந்தமாக எழுதியவர் தடுமாறினாலும் சொல்லிவிடுவார். இதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ளாமலிருக்க ஒரே வழி, எல்லோருக்கும் ஒரே மாதிரி செய்வது.

பல இடங்களில் சக மதிப்பீடு உண்டு, அதாவது குழுவினர் தங்களையும் சேர்த்து ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் போடுவது. அதன் கணக்கு எளிது. ஒவ்வொருவரும் தரும் மதிப்பெண்களின் கூட்டல் ஒன்று வரும்படி மாற்றிக்கொள்கிறார்கள். ஒருவருக்கு நால்வரும் தந்தது 0.30, 0.28, 0.27, 0.25 என்றால் மொத்தம் 1.10, அதுவே அவருடைய காரணி. குழு மார்க் 80, அதில் பாதி இதன்படி மாறும் என்றால், 40-ம் 44-ம் சேர்த்து 84. காரணி 0.70 வந்தவருக்கு 68. "எல்லாருக்கும் சமமா போட்டுடலாம்" என்று முன்கூட்டியே பேசிவைத்தால் இந்த ஏற்பாடே வீண். உழைத்தவரிடமிருந்து எடுத்து உழைக்காதவருக்குக் கொடுத்ததாகத்தான் ஆகும். ஒவ்வொரு எண்ணுக்கும் பதிவேட்டிலிருந்து ஒரு வரிக் காரணம் கேட்டால் இது குறையும். பாதிக் காலத்தில் ஒருமுறை, மார்க்கில் சேராமல், ஒத்திகையாக நடத்திவிட்டால் இன்னும் நல்லது. அப்போது திருத்திக்கொள்ள நேரம் இருக்கும்.

புராஜெக்ட் முடிந்தபின் அதை ரெஸ்யூமேயில் எழுதுவதும் இதில் சேர்ந்ததுதான். "நால்வர் குழுவில், அளவீட்டு மின்சுற்றும் தரவுப் பகுப்பாய்வும் என் பொறுப்பு" என்று எழுதலாம். நிரலை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றுவதானால் மற்ற மூவரிடமும் கேட்டுவிட்டு ஏற்ற வேண்டும். அதோடு வைக்கும் அறிமுகக் கோப்பான ரீட்மீயில் நான்கு பெயரும், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் செய்த வேலையும், பதிவேட்டில் இருந்தபடியே வர வேண்டும்.