சாவியை மாற்றச் சொன்னார்கள், கோளாறு சாவியில் இல்லை

பையில் வைத்திருந்தாலே காரைத் திறந்து ஸ்டார்ட் செய்ய விடும் கீலெஸ் சாவி தகராறு செய்கிறது என்று புதுச் சாவிக்கு ஆர்டர் கொடுக்கப் போகிறவர்கள் அதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நன்றாக இருந்த சாவியைக் குப்பையில் போட்டுவிட்டு இன்னொன்று வாங்கும் கட்டம் வரை என்னைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

கோளாறு மெதுவாகத்தான் ஆரம்பித்தது. முன்பெல்லாம் பார்க்கிங்கின் அந்தக் கோடியிலிருந்து பட்டனை அழுத்தினாலே இண்டிகேட்டர் கண்சிமிட்டும். அந்தத் தூரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கதவை ஒட்டிப் போய் அழுத்தினால்தான் திறக்கும் என்றானது. கைப்பிடியைத் தொட்டால் திறக்கும் வசதி ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. அப்புறம் உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட் பட்டனை அழுத்தும்போது 'சாவி இல்லை' என்ற எச்சரிக்கை வர ஆரம்பித்தது. சாவி என் சட்டைப் பையிலேயே இருக்கிறது!

முதலில் சாவிக்குள் இருக்கும் பட்டன் செல்லை (சின்ன வட்ட பேட்டரி) மாற்றினேன். என் சாவிக்கு சிஆர் 2032. இந்த எண்ணில் முதல் பாதி விட்டம், 20 மில்லிமீட்டர். பின்பாதி தடிமன், 3.2 மில்லிமீட்டர். கடையில் 2032 இல்லையென்றால் 2025-ஐ எடுத்துக் கொடுத்து "இதுவும் உட்காரும்" என்பார்கள். உட்காரத்தான் செய்யும், ஆனால் தடிமன் 2.5 மில்லிமீட்டர்தான் என்பதால் தகடு சரியாகத் தொடாமல் விட்டு விட்டு வேலை செய்யும். வாங்காதீர்கள். இன்னொன்று, குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்ளக் கூடாது என்று சில செல்களில் கசப்புப் பூச்சு பூசியிருப்பார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் சாவிக்குள் தகடு தொடும் இடத்தில் அந்தப் பூச்சு இருந்தால் மின்சாரம் பாயாமல் போகலாம். புதுச் செல் போட்டும் சாவி உயிர் பெறவில்லையென்றால் பூச்சில்லாத செல்லை ஒருமுறை போட்டுப் பாருங்கள். கழற்றிய பழைய செல்லைக் குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கவே வைக்காதீர்கள். விழுங்கிவிட்டால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

புதுச் செல் மல்டிமீட்டரில் 3.2 வோல்ட் காட்டியது. சாவியின் நடத்தையில் ஒரு மாற்றமும் இல்லை. சரி, சர்வீஸ் சென்டரிலேயே காட்டிவிடலாம் என்று போனேன்.

அட்வைசர் சாவியை வாங்கி, காருக்கு எதிரே நின்று பட்டனை அழுத்தினார். திறக்கவில்லை. உடனே ஜாப் கார்டில் 'புதுச் சாவி, புரோகிராமிங்' என்று எழுதிவிட்டார். சாவியைத் திறக்கவில்லை, எந்தக் கருவியிலும் வைக்கவில்லை, கார் பேட்டரியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இன்னொரு சாவியை வச்சு ஒரு தடவை பாத்துடலாமே?" என்று கேட்டேன். "அதெல்லாம் தேவையில்ல சார், எல்லாருக்கும் வர்ற பிரச்சினைதான்" என்றார். கோளாறு பார்க்கும்போது முதலில் செய்ய வேண்டிய வேலையே ஸ்பேர் சாவியை வைத்துப் பார்ப்பதுதான். அதையே தேவையில்லை என்று தள்ளினார் என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆத்திரம்.

அவர்கள் கொடுத்த நேரத்துக்கு மறுபடி போனால், "எல்லாச் சாவியும் கொண்டு வந்திருக்கீங்களா?" என்று கவுன்டரில் கேட்டார்கள். பல கார்களில் புதுச் சாவியைப் பதிவு செய்யும்போது இருக்கிற எல்லாச் சாவிகளையும் சேர்த்தே பதிய வேண்டும். அந்த நேரத்தில் கையில் இல்லாத சாவியை அதற்குப் பிறகு கார் அடையாளம் காணாது. வண்டியின் பதிவுச் சான்றிதழும் உரிமையாளரின் அடையாள அட்டையும்கூட வேண்டுமாம். நியாயமான விதிகள்தான், திருடன் வந்து சாவி செய்துகொண்டு போகக் கூடாது அல்லவா? ஆனால் நேரம் குறித்துக் கொடுத்தபோதே இதைச் சொல்லியிருக்கலாமே! ஸ்பேர் சாவி அப்போது வெளியூர் போயிருந்த மனைவியின் பையில் இருந்தது. ஒரு காலைப் பொழுது வீணாகப் போனது. சாவி ஆர்டர் போகாமல் நின்றதற்கு அந்த அலைச்சல்தான் காரணம் என்பதால் இப்போது அதைப் பற்றிக் குறை சொல்ல மனம் வரவில்லை.

மனைவி ஊர் திரும்பியதும் முதல் வேலையாக ஸ்பேரை எடுத்துக்கொண்டு காரிடம் போனேன். அதிகம் உபயோகிக்காத சாவி அது. அதுவும் அப்படியே மக்கர் செய்தது. இரண்டு சாவியும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி கெட வாய்ப்பு மிகக் குறைவு. அப்படியென்றால் கோளாறு கார் பக்கம்.

இந்தச் சாவிக்குள் தனித்தனியாக மூன்று வேலைகள் நடக்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். பட்டனை அழுத்தும்போது சாவி ரேடியோ சிக்னல் அனுப்புகிறது. நாட்டைப் பொறுத்து அது 433.92 அல்லது 315 மெகாஹெர்ட்ஸில் இருக்கும். கைப்பிடியைத் தொடும்போது கார்தான் முதலில் பேசுகிறது. பெரும்பாலான கார்களில் 125 கிலோஹெர்ட்ஸில், ஒன்றிரண்டு மீட்டருக்குள் மட்டும் எட்டும்படி 'சாவி பக்கத்தில் இருக்கிறதா' என்று கேட்கும். சாவி அதே பழைய ரேடியோ வழியில் பதில் சொல்லும். மூன்றாவது, இம்மொபிலைசர் சிப், அதாவது இந்தக் காரின் சாவிதான் என்று உறுதியானால் மட்டும் இன்ஜினை ஸ்டார்ட் ஆக விடும் சிப். அதற்குச் செல்லே வேண்டாம், காரிலிருக்கும் காயிலிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும்.

ஆகவே, பட்டன் வேலை செய்து கைப்பிடி மட்டும் செய்யவில்லையென்றால் கைப்பிடி சென்சாரையோ காரின் ஆன்டெனாவையோ பாருங்கள். அதற்கும் முன்னால் கார் செட்டிங்ஸில் கீலெஸ் வசதி அணைந்து கிடக்கிறதா என்று பாருங்கள். கைப்பிடி வேலை செய்து பட்டன் மட்டும் செய்யவில்லையென்றால் சாவிக்குள் இருக்கும் ஸ்விட்ச் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் அதன் சால்டரிங் விட்டிருக்கும். எனக்குப் பட்டனும் கைப்பிடியும் சேர்ந்தே தகராறு, அதுவும் இரண்டு சாவியிலும். சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்தால் மட்டும் ஒவ்வொரு முறையும் வண்டி ஸ்டார்ட் ஆனது. சிப் நன்றாக இருக்கிறது, காற்றில் போகும் சிக்னல்தான் எங்கோ தொலைகிறது.

இந்த விவரத்தோடு தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் போனேன். வயதானவர், நிதானமானவர். சாவியைச் சின்னக் கருவி ஒன்றின் மேல் வைத்து அழுத்திப் பார்த்து, "சாவி நல்லா வலுவாத்தான் பேசுது தம்பி" என்றார். பேட்டரியில் மீட்டரை வைத்தார், 12.2 வோல்ட். இன்ஜின் அணைந்து ஓய்ந்திருக்கும் நல்ல பேட்டரி 12.6-ஐ ஒட்டி இருக்க வேண்டும். "ராத்திரியெல்லாம் எதுவோ தின்னுக்கிட்டிருக்கு. வெளியில மாட்டினது என்ன இருக்கு?"

டேஷ்கேம், அதாவது சாலையைப் பதிவு செய்யும் கேமரா இருந்தது. துணைப்பொருள் கடை ஒன்றில் மாட்டிக் கொடுத்தது. வண்டி நிற்கும்போதும் பதிவு செய்யும் பார்க்கிங் மோடுக்காக, ஃபியூஸ் பாக்ஸிலிருந்து நேராக ஓயாத மின்சாரம் எடுத்திருந்தார்கள். அவர் டேஷ்போர்டுக்குக் கீழே தலையை நுழைத்து, இன்சுலேஷன் டேப் சுற்றிய கறுப்பு அடாப்டர் ஒன்றை வெளியே இழுத்தார். தீப்பெட்டி அளவுதான் இருக்கும், எந்தக் கம்பெனிப் பெயரும் இல்லை, தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. அதன் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, "இப்ப சாவியோட அந்த கேட் வரைக்கும் நடந்து போங்க" என்றார்.

கேட்டருகே நின்று அழுத்தினேன். இண்டிகேட்டர் பளிச்சென்று மின்னியது! திரும்ப ஃபியூஸைச் செருகச் சொன்னேன். அழுத்தினால் அசைவில்லை. பிடுங்கினார், மின்னியது. ஸ்பேர் சாவியிலும் அப்படியே. இத்தனை நாள் அலைந்ததற்கு அந்த கேட்டருகேதான் விடை கிடைத்தது.

காரணத்தையும் அவரே சொன்னார். 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் இந்த அடாப்டர்கள் மின்சாரத்தை மிக வேகமாக வெட்டி வெட்டித்தான் குறைக்கின்றன. தரமான அடாப்டரில் அதனால் எழும் ரேடியோ இரைச்சலை வடிகட்டவும் வெளியே கசியாமல் தடுக்கவும் ஏற்பாடு இருக்கும், மட்டமானதில் இருக்காது. சந்தைக் கூச்சலில் ஒருவர் முணுமுணுப்பது காதில் விழாத மாதிரி, சாவியின் மெல்லிய சிக்னல் காரின் ரிசீவருக்குக் கேட்காமல் போகிறது. சிகரெட் லைட்டர் துளையில் செருகும் யூஎஸ்பி சார்ஜர், மாற்றிப் போட்ட எல்இடி பல்பு, சாவிக்குப் பக்கத்தில் இருக்கும் வயர்லெஸ் சார்ஜர் எல்லாமே இதைச் செய்யக்கூடியவை. சர்வீஸ் சென்டர் போவதற்கு முன்னால் இவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். செலவே இல்லாத சோதனை.

இன்னும் சில எச்சரிக்கைகள். போன் கேமராவில் சாவியைக் காட்டினால் வெளிச்சம் தெரிய வேண்டும் என்று பலர் சொல்வார்கள். அது டிவி ரிமோட் போன்ற அகச்சிவப்பு ரிமோட்டுகளுக்கு மட்டும்தான். கார் சாவி ரேடியோவில் பேசுவது, கேமராவில் ஒன்றும் தெரியாது. அதை நம்பி நல்ல சாவியைக் கெட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை இன்றே உருவிப் பழகிக்கொள்ளுங்கள். பல கார்களில் சாவித் துளை கைப்பிடியின் பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் இருக்கும், நெம்பினால்தான் தெரியும். அதை வைத்துக் கதவைத் திறந்தால் சில கார்களில் அலாரம் அலறும். பதற வேண்டாம், சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து வண்டியை ஆன் செய்தால் பொதுவாக நின்றுவிடும். உங்கள் காரில் சாவியை ஒட்டிப் பிடிக்கும் இடம் வேறாக இருக்கலாம், கையேட்டில் பார்த்து வையுங்கள்.

அப்புறம் சர்வீஸ் சென்டருக்குப் போனேன், இந்த முறை சண்டைக்குத் தயாராகவே. சாவியை எந்தக் கருவியில் சோதித்தீர்கள், என்ன அளவு காட்டியது என்பதை ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்டேன். அட்வைசர் எழுதவில்லை, உள்ளேயிருந்து மூத்த டெக்னீஷியனை அழைத்து வந்தார். அவர் இரண்டு சாவியையும் பார்த்துவிட்டு, புதுச் சாவி, புரோகிராமிங் இரண்டையும் ஜாப் கார்டிலிருந்து அடித்து நீக்கினார். சோதனைக் கட்டணத்தையும் கேட்காமலே எடுத்துவிட்டார். உங்களிடம் யாராவது புதுச் சாவி என்று ஆரம்பித்தால் இதே கேள்வியைக் கேளுங்கள்.

டேஷ்கேமை விட மனமில்லை, நல்ல அடாப்டர் வாங்கி மறுபடி மாட்டிக்கொண்டேன். ஒயரின் இரு முனையிலும் ரேடியோ இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் போட்டாயிற்று. பேட்டரி வோல்ட் குறைந்தால் தானாகவே அணையும் வகை. மாட்டிய கையோடு, கேமராவை ஓடவிட்டு, சாவியுடன் கேட் வரை நடந்து பார்த்த பிறகுதான் எலக்ட்ரீஷியனுக்குக் காசு கொடுத்தேன்.