ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் என்ன?

மலேசியாவில், கோலாலம்பூரின் செந்தூலில் மாலை நேரத்தில் ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போன பிள்ளைகள். சேர்க்க வரும் அம்மாமார்கள் தவறாமல் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: "டீச்சர், வகுப்பில தமிழே பேசாதீங்க, அப்பதான் இவனுக்கு இங்கிலீஷ் வரும்." எஸ்பிஎம் (இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வு), மூவெட் (பல்கலைக்கழகம் போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வு), அதற்கப்புறம் வேலை நேர்காணல் என்று அவர்களுக்கு இருக்கும் கவலை நியாயமானது. ஆனாலும் இதற்கு மட்டும் நான் ஒப்புக்கொள்வதில்லை. தமிழ் இலக்கணம் படித்த பிள்ளைக்கு ஆங்கில இலக்கணத்தில் நிறைய விஷயம் ஏற்கெனவே தெரியும், அதை யாரும் எடுத்துக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

'ஹி கோ டு ஸ்கூல்' என்று எழுதும் பையனைப் பாருங்கள். மலாயில் சாயா பெர்கி (நான் போகிறேன்), டியா பெர்கி (அவன் போகிறான்), யார் போனாலும் வினைச்சொல் மாறாது. நம்மைச் சுற்றிக் கேட்கும் பேச்சு ஆங்கிலமும் அப்படித்தான். அவனிடம் தமிழில் கேட்டால் நான் போகிறேன், அவன் போகிறான், அவள் போகிறாள், அது போகிறது என்று யோசிக்காமலே சொல்வான். ஆளுக்கு ஆள் விகுதியை மாற்றத் தெரிந்தவனுக்கு, நிகழ்காலத்தில் ஹி, ஷி, இட் வரும்போது மட்டும் ஓர் 'எஸ்' சேர்ப்பது பெரிய வேலையா?

'ஏ', 'தி' விஷயம் இதைவிடச் சுவாரசியம். தமிழில் அப்படி எதுவும் கிடையாது என்றுதான் பலர் சொல்கிறார்கள். ஆனால் "புத்தகம் வாங்கினேன்" என்பதையும் "புத்தகத்தை வாங்கினேன்" என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் ஏதோ ஒரு புத்தகம். இரண்டாவதில் கேட்பவருக்கும் தெரிந்த அந்தப் புத்தகம். அந்த 'ஐ' செய்கிற வேலையில் ஒரு பங்கைத்தான் ஆங்கிலத்தில் 'தி' செய்கிறது. இதைப் பலகையில் எழுதிக் காட்டியதும் பின் வரிசையில் இருப்பவர்களும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். 'ஏ'-க்குப் பதிலாக 'ஆன்' எப்போது வரும் என்ற கேள்விக்கு ஓர் ஊர், ஒரு வீடு என்றாலே போதும். எழுத்தைப் பார்க்காதே, ஒலியைக் கேள் என்று மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: 'ஆன் அவர்' (ஒரு மணி நேரம்), ஆனால் 'ஏ யுனிவர்சிட்டி', ஏனென்றால் அது 'ய' ஒலியில் தொடங்குகிறது.

"பினாங்குக்குப் போயிருக்கிறேன்", "நேற்று பினாங்குக்குப் போனேன்". இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரிந்த பிள்ளைக்கு 'ஐ ஹேவ் பீன்', 'ஐ வென்ட்' இரண்டும் புரிந்துவிடும்.

எல்லா இடத்திலும் தமிழ் கைகொடுக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். காரில், பஸ்ஸில், ஸ்டேஷனில் என்று நமக்கு ஒரே 'இல்'. ஆங்கிலத்தில் 'இன் தி கார்', 'ஆன் தி பஸ்', 'அட் தி ஸ்டேஷன்' என்று மூன்று. இதற்குக் குறுக்கு வழி எதுவும் எனக்குத் தெரியாது, நிறைய வாசிக்க வேண்டும், வாசித்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொற்களும் அப்படித்தான். பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தவை பரீட்சை முடிந்ததும் போய்விடுகின்றன, கதையில் படித்தவை தங்குகின்றன.

அப்புறம் மரியாதை. வீட்டில் "தண்ணி கொடுங்க" என்று பணிவாகக் கேட்கும் பெண்தான் ஆங்கிலத்தில் 'கிவ் மீ வாட்டர்' என்கிறாள். கேட்பவர்கள் திமிர் என்று நினைத்துவிடுகிறார்கள், எனக்கு மனசு கேட்பதில்லை. தமிழில் மரியாதை வினையின் வாலிலேயே 'ங்க' என்று ஒட்டிக்கொண்டு வருகிறது. ஆங்கில வினைக்கு அந்த வால் இல்லை. 'குட் யூ' என்று கேள்வியாகத் திருப்பிப் போட்டுத்தான் அந்தப் பணிவைக் கொண்டுவர வேண்டும். இதை ஒரு தடவை சொல்லிக் கொடுத்தால் போதும், அவள் குணத்தில் எந்தக் குறையும் இல்லை. மாமாக் உணவுக்கடையில் பேசும் 'கேன் லா'வையும் நான் தடுப்பதில்லை, அது நம் ஊர்ப் பேச்சு. கட்டுரைத் தாளில் மட்டும் வேண்டாம்.

இந்த நாட்டில் தமிழ்க்கல்வியின் வரலாற்றை 1816-இலிருந்து எண்ணுகிறோம், 2016-இல் 200 ஆண்டு என்று கொண்டாடினோம். அந்த முதல் தமிழ் வகுப்பு நடந்தது பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் என்ற ஆங்கிலப் பள்ளியில். ஒரே கூரையின் கீழ் இருந்த இரண்டு மொழிகளில் ஒன்றை வாசலில் விட்டுவிட்டு வா என்று பிள்ளையிடம் நாம் ஏன் சொல்ல வேண்டும்?

அதனால் என்னிடம் கேட்கும் பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான். பிள்ளை ஆங்கிலத்தில் ஒரு கதை படித்தால், அதை உங்களுக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, அதே கதையை ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதட்டும். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அந்தத் தாளை வகுப்புக்குக் கொடுத்து அனுப்புங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.